தம்பிக்குத் துணை வேண்டுமா, டாக்டர் வேண்டுமா?

கேள்வி: எனக்கு 73 வயது. மயூர் விஹாரில் தனியாக இருக்கிறேன். கணவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. என் தம்பி (69) ஜனக்புரியில் இருக்கிறான். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். போன தை மாதம் அவன் மனைவி தவறிவிட்டாள். அதிலிருந்து ஆளே மாறிப்போனான். மலை மந்திர் கோயில் பக்கம் வருவதில்லை. வேலைக்காரியைத் திட்டி நிறுத்திவிட்டான். பிரெட்டும் பாலும்தான் சாப்பாடு. சட்டையெல்லாம் தொளதொளவென்று தொங்குகிறது. ராத்திரி மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறதாம். 'ஞாபகமே நிக்கலக்கா' என்கிறான். வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்று புனேயில் இருக்கும் மகன் கூப்பிடுகிறான். நானும் தனியாகத்தான் இருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே! இது மறதி நோயா, பிடிவாதமா? புனேக்கு அனுப்பிவிடலாமா? எனக்கென்ன, பழகிவிட்டது, அவனை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை.
- பெயர் வேண்டாம், டெல்லி

பதில்: அம்மா, வீட்டை விற்கிற பேச்சை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். கடிதத்தைப் படித்தால் தம்பிக்கு உடம்பு சரியில்லை என்றுதான் படுகிறது. மனச்சோர்வு, டிப்ரஷன் என்கிறோமே, அதுவாக இருக்கலாம். டாக்டர் பார்த்துத்தான் உறுதி சொல்ல வேண்டும். ஆனால் டாக்டரிடம் போக வேண்டும் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

மனைவி போன துக்கம் ஒன்பது மாதத்தில் தீர வேண்டும் என்று சட்டமில்லை. ஆனாலும் துக்கத்தில் இருப்பவர் நடுவில் பேரக்குழந்தையோடு போனில் சிரிப்பார், பிடித்த குழம்பென்றால் இன்னொரு கரண்டி கேட்பார். எதிலுமே ருசியில்லாமல், எடை குறைந்து, விடியுமுன் விழித்து, பார்க்கிறவர்கள்மேல் எரிந்து விழுந்துகொண்டு மாதக்கணக்கில் போனால் அது வைத்தியம் கேட்கிற நிலைமை. வயதானவர்களுக்கு, அதிலும் ஆண்களுக்கு, இது பெரும்பாலும் அழுகையாக வருவதில்லை. கோபம், முதுகுவலி, மலச்சிக்கல், 'சாப்பிட்டு என்ன ஆகப்போகுது' என்று வரும். 2017-18-ல் நாடு முழுக்க 45 வயதைத் தாண்டிய 72,000-க்கும் அதிகமானவர்களிடம் எடுத்த லாசி (முதுமை பற்றிய தேசிய) ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் 8.3 சதவீதத்தினரிடம் மனச்சோர்வின் அடையாளங்கள் தெரிந்தன. 'அந்த நோய் இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார்' என்றவர்களோ 0.8 சதவீதம்தான். மற்றவர்களில் எத்தனை பேர் பிடிவாதக்காரர் என்று பெயர் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்களோ!

'நானும் தனியாகத்தானே இருக்கிறேன்' என்கிறீர்கள். உங்களுக்குக் காய்கறிக்காரரோடு பேரம் உண்டு, பக்கத்து வீட்டுக்காரம்மா உண்டு, கோயில் கூட்டம் உண்டு. அதெல்லாம் கணவர் இருந்தபோதே நீங்கள் சேர்த்து வைத்தவை. உங்கள் தம்பிக்கு ஆபீஸ் இருந்தது, மனைவி இருந்தார். சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டவர், பண்டிகையை ஞாபகம் வைத்தவர், அக்கம்பக்கத்தில் யார் யார் என்று தெரிந்தவர் எல்லாம் அவர்தான் என்று நினைக்கிறேன். அந்தத் தலைமுறை ஆண்கள் பலருக்கும் இதுதான் கதை. தம்பி இழந்தது ஒரு ஆளை மட்டுமல்ல, மற்ற எல்லோரோடும் இருந்த தொடர்பையும்.

மறதியைப் பற்றி. தம்பியே 'நிக்கல' என்று குறைப்படுகிறார், அதுவும் சில மாதங்களாக. மறதி நோயில் வழக்கமாக வீட்டார்தான் முதலில் கவனிப்பார்கள். அது வருஷக்கணக்கில் மெதுவாக வரும். மனச்சோர்விலும் கவனம் நிற்காது, அதனால் ஞாபகமும் நிற்காது. சோர்வு தெளிந்தால் பலருக்கு அதுவும் தேறும். ஆனால் இதை வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. தைராய்டு, பி12, சர்க்கரை, சோடியம் எல்லாம் ரத்தப் பரிசோதனையில் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றில் எது தவறினாலும் இதே கோலம் வரலாம். காது கேட்கிறதா என்றும் பாருங்கள்.

'மனநல டாக்டரைப் பார்' என்று ஆரம்பித்தால் கதவைச் சாத்திவிடுவார். தூக்கத்துக்கும் எடை குறைந்ததற்கும் பார்ப்போம் என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. மத்திய அரசு ஊழியர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் உள்ள மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். அட்டை இருக்குமே, அதன் வெல்னஸ் சென்டரில் தொடங்கலாம். ராம் மனோகர் லோகியா, எய்ம்ஸ் இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு. நீங்களும் கூடவே போங்கள். மருந்து கொடுத்தால் குறைந்த அளவில் தொடங்குவார்கள். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பத்தாம் நாள் 'ஒண்ணும் கேக்கல' என்று நிறுத்த விடாதீர்கள். அக்கறையில் மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அந்த மயக்கத்தில் ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

ஒரு கேள்வியை மட்டும் நேராகக் கேட்க வேண்டும்: 'உசுரோட இருக்க வேணாம்னு தோணுதாடா?' கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி-மானஸ், அரசின் மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் உண்டு, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

புனேக்கு வருவோம். மனம் இப்படி இருக்கும்போது எடுக்கும் பெரிய முடிவைப் பிறகு நினைத்து வருந்துகிறவர்கள் நிறைய. மகனும் மருமகளும் வேலைக்குப் போய், குழந்தை பள்ளிக்கூடம் போய்விட்டால், அங்கேயும் பகல் முழுக்கத் தனிமைதான், அதுவும் தெரியாத ஊரில். வைத்தியம் பார்த்து ஆறு மாதம் கழித்து அவரே சொல்லட்டும். மகன் இப்போது உதவ நினைத்தால் ஒரு மாதம் இங்கே வந்து இருக்கட்டும், நல்ல சமையல்காரம்மாவைத் தேடிக் கொடுக்கட்டும்.

அதுவரை 'வெளியே போ, நாலு பேரைப் பாரு' என்று சொல்லிப் பயனில்லை. போக முடிந்தால் போயிருக்க மாட்டாரா? அவரிடம் வேலை கேளுங்கள். நவம்பர் வருகிறது, மத்திய அரசு பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்று (டிஜிட்டலில் போட்டால் 'ஜீவன் பிரமாண்') கொடுக்கிற மாதம். உங்களுக்கும் குடும்ப ஓய்வூதியம் வந்தால், 'ஜீவன் பிரமாண் எனக்கு வரல, நீ வந்து போட்டுக் குடு' என்று கூப்பிடுங்கள். செக்‌ஷன் ஆபீசரை ஃபாரம் நிரப்பச் சொல்வதைவிட நல்ல மருந்து இருக்கிறதா என்ன! ப்ளூ லைனில் ஜனக்புரி வெஸ்டிலிருந்து நேராக வந்துவிடலாம். வந்தவருக்குச் சாப்பாடு போட்டு அனுப்புங்கள். அடுத்த வாரம் உங்கள் பக்கத்து வீட்டுக்காரம்மாவின் சான்று. மூடுபனி தொடங்கினால் வாசல் தாண்டமாட்டார், அதற்குள் இந்த வழக்கம் பிடிபட வேண்டும்.

டெல்லி போலீஸின் முதியோர் உதவி எண் 1291. அவர்களிடம் பெயரைப் பதிந்தால் பீட் கான்ஸ்டபிள் வந்து விசாரிப்பார். போலீஸ் வந்தால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்று தம்பி முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

அப்புறம், கடைசி வரியில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: பழகிவிட்டது, தூக்கம் வருவதில்லை. நம் நாட்டில் தனியாக வாழும் முதியவர்களில் பெண்கள்தான் அதிகம். சமாளித்துக்கொள்கிறாள் என்பதாலேயே அவர்களை யாரும் கேட்பதில்லை. தம்பியோடு டாக்டரிடம் போகிற அன்றைக்கே உங்கள் தூக்கத்தைப் பற்றியும் சொல்லுங்கள். 1291-ல் உங்கள் பெயரையும் பதிந்து, அவசரத்துக்குத் தம்பியின் நம்பரைக் கொடுங்கள்.