யூ இல்லாமல் க்யூவை இறக்குவது எப்படி?

கேள்வி: தில்லி மயூர் விகாரில் இருக்கிறோம். ஆங்கில எழுத்துச் சில்லுகளால் பலகையில் சொல் அமைக்கும் ஸ்கிராபிளை மகளோடு ஆடும்போதெல்லாம் 'யூ' (U) கிடைக்காமல், 'க்யூ' (Q) கடைசிவரை என்னிடமே தங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: நூறு சில்லுகளில் 'யூ' இருப்பதே நான்குதான். மகள் முதலில் ஆடி முடித்துவிட்டால், உங்கள் கையில் நின்ற க்யூவின் 10 புள்ளிகள் உங்கள் கணக்கில் கழிந்து அவர் கணக்கில் ஏறுவதால், அந்த ஒரு சில்லு 20 புள்ளி வித்தியாசத்தை உண்டாக்கிவிடுகிறது.

யூவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அரபியில் உள்நாக்கையொட்டிப் பிறக்கும் 'காஃப்' ஒலியை ஆங்கிலத்தில் தனி க்யூவால் எழுதும் வழக்கம் உண்டு. அப்படி அகராதியில் ஏறிய ஃபகீர், நிகாப், தலாக், வக்ஃப் எல்லாம் தில்லியில் நாம் அன்றாடம் கேட்கும் சொற்களே. நிஜாமுதீன் தர்காவில் கேட்கும் கவ்வாலியையே எடுத்துக்கொள்ளுங்கள்: க்யூ, ஏ, இரண்டு டபிள்யூ, ஏ, எல், ஐ என ஏழு எழுத்து, ஏழும் உங்கள் கையிலிருந்தே இறங்கினால் 50 புள்ளி கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'க்'தான் என்பதால், நம் காது இங்கே துணைக்கு வராது. எழுத்துக்கூட்டலைக் கண்ணால்தான் மனத்தில் பதிக்க வேண்டும். ஃபகீரைக் க்யூவாலும் எழுதலாம், 'கே'யாலும் எழுதலாம்.

எல்லாவற்றிலும் பயனுள்ளது க்யூ, ஐ என்ற இரண்டெழுத்துச் சொல். சீன மொழியிலிருந்து வந்த இதை 'சீ' என்று உச்சரிக்க வேண்டும். உயிராற்றல் என்று பொருள். பலகையில் 'டாக்ஸி' படுத்திருக்கிறது, அதன் கடைசி ஐக்கு நேர் மேலே எழுத்தின் புள்ளியை மும்மடங்காக்கும் கட்டம் காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே க்யூவையும், அதன் வலப்பக்கம் இன்னொரு ஐயையும் வைத்தால், குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை அதே சொல் அமைந்து, (க்யூவுக்கு 30, ஐக்கு 1 என) 31உம் 31உமாக 62 புள்ளி ஒரே ஆட்டத்தில் வந்துவிடும். ஆகவே க்யூ கைக்கு வந்ததும் ஒரு ஐயைச் செலவழிக்காமல் வைத்திருங்கள்.

ஈராக், கத்தார் போன்ற இடப்பெயர்கள் செல்லாது. ஸ்கிராபிளுக்கான காலின்ஸ் சொற்பட்டியலையே இருவரும் முன்கூட்டி ஒப்புக்கொள்வது நல்லது. எதுவும் அமையவில்லையென்றால், பையில் ஏழு சில்லாவது இருக்கும்போதே க்யூவை மாற்றிக்கொள்ளுங்கள். அதற்குக் குறைந்துவிட்டால் மாற்ற விதி இடம் தராது.