கேதத்துக்கு வந்தவர்களுக்கு என்ன சொல்வது?

கேள்வி: எங்கள் ஊர் திருமங்கலம் பக்கம். போன மாதம் அம்மா மதுரை பெரியாஸ்பத்திரியில் இறந்துவிட்டார். நான் பெங்களூரில் இருக்கிறேன். கருமாதி முடிந்த மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், ‘இந்தத் துயரமான நேரத்தில் துணை நின்ற அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி’ என்று போட்டேன். உடனே பெரியம்மா போன் செய்து, “நாங்க என்ன மூணாம் மனுசங்களாடி?” என்று சத்தம் போட்டார். அண்ணனோ, “கார்டு அடிச்சு எல்லாருக்கும் அனுப்பிடலாம்” என்கிறான். ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் என்னை ஊர் கொண்டுவந்து சேர்த்த தோழி, சம்பளத்துக்கு வந்து அம்மாவை எட்டு மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட அக்கா, அம்மாவின் மூக்குத்தியைக் கழற்றி முந்தானையில் முடிந்து வைத்து எங்களிடம் ஒப்படைத்த பக்கத்து வீட்டு மதினி, காசு வேண்டாம் என்று போய்விட்ட அமரர் ஊர்தி டிரைவர்... இவர்களுக்கெல்லாம் எப்படித்தான் நன்றி சொல்வது?
– பெயர் வேண்டாம், பெங்களூரு.

பதில்: தாயி, உங்கள் பெரியம்மாவின் கோபம் நியாயம்தான். அம்மாவைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, எடுத்துக்கொண்டு போனபிறகு வீட்டைக் கழுவிவிட்டவர் அவராகத்தான் இருக்கும். அவரையும், வாசலில் கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போன ஆட்களையும் ‘அனைவருக்கும்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டீர்கள். கத்தாமல் என்ன செய்வார்?

நம் பக்கத்துக் கேத வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. ‘வாங்க’ என்று கூப்பிட மாட்டோம். போகிறவர்களும் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்ல மாட்டார்கள். வருவார்கள், கட்டிக்கொண்டு அழுவார்கள், வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்து ஒரு டீயைக் குடிப்பார்கள், எடுத்ததும் சொல்லாமல் கிளம்புவார்கள். வாயால் எதையும் கொடுத்து வாங்காத வீடு அது. கணக்கெல்லாம் செய்முறை நோட்டில் இருக்கிறது. கருமாதியன்று எழுதிய அந்த நோட்டை அண்ணனிடமிருந்து வாங்கி ஒருமுறை முழுக்கப் படியுங்கள். யார் கோடித் துணி எடுத்து வந்தார், யார் அரிசி மூட்டை இறக்கினார், யார் எவ்வளவு வைத்தார் எல்லாம் இருக்கும். அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குத் திரும்பச் செய்வதற்காக எழுதியது அது. உங்களைப்போல வெளியூரில் இருப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். பணம் ஜிபேயில் போய்விடும், ஆள் போகாது. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்விட வேண்டும். லீவு கிடைக்காது என்றால் அண்ணனையாவது அனுப்புங்கள். அண்ணன் போனால் போதும், உங்கள் வீடு போனதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

நோட்டில் ஏறாதவர்கள் இருப்பார்கள். உங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்காத அன்று சாப்பாடு கொண்டுவந்தவர், உங்கள் பிள்ளைகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தூங்கவைத்தவர், ஷாமியானாக்காரனிடம் வாடகையைப் பேசிக் குறைத்த மாமா. இவர்களை எல்லாம் அண்ணனோடு உட்கார்ந்து ஞாபகப்படுத்தி எழுதிவிடுங்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் போன். பேச்சில் ‘நன்றி’ வரவே வேண்டாம். “சித்தி, அன்னைக்கு ராத்திரி நீங்க கூடப் படுத்திருந்தீங்க, அதான் எனக்குக் கொஞ்சம் கண்ணசர முடிஞ்சது” என்றால் சித்திக்குப் புரியும். பெரியம்மாவுக்குப் போன் கூடாது. அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது வீட்டுக்குப் போய், ஒருவேளைச் சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அண்ணன் சொல்கிற கார்டு வேண்டாம். கருமாதிப் பத்திரிகை வந்தால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? தேதியைப் பார்த்துக்கொண்டு கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டில் வைக்க மாட்டார்கள். துக்க வீட்டிலிருந்து அதே மாதிரி இன்னொரு கார்டு வந்தால் அதையும் கிழிப்பதா, வைப்பதா என்று தெரியாமல் முழிப்பார்கள். அச்சுக்கூலிதான் தண்டம்.

மதினியிடம் வருகிறேன். மூக்குத்தி கழற்றுவதை நான் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன். வருஷக்கணக்கில் கழற்றாத திருகு இறுகிப்போய்க் கிடக்கும். சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு ஊறவைத்து, சுண்டுவிரலை உள்ளே கொடுத்துத் திருகைப் பிடித்துக்கொண்டு, வெளியே கல்லை மெல்லத் திருப்ப வேண்டும். சுற்றி நிற்கிற நாலு பேர், “கட்டிங் பிளேயர் எடுத்துட்டு வா” என்று அவசரப்படுத்துவார்கள். அத்தனைக்கும் நடுவில் உங்கள் அம்மாவுக்கு ஒரு கீறல் விழாமல் கழற்றியிருக்கிறார். அவரிடம் போய்ப் பணத்தை நீட்டிவிடாதீர்கள், பிறகு முகம் கொடுத்துப் பேச மாட்டார். பீரோவைத் திறந்துவிட்டு, “மதினி, அம்மா சேலையில ஒண்ணு எடுத்துக்கறீங்களா?” என்று கேளுங்கள். இறந்தவர் சேலையைச் சிலர் வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள், சிலர் கேட்டு வாங்கிக் கட்டுவார்கள். எந்த ரகம் என்பது அவர் முகத்திலேயே தெரியும். தயங்கினால் விட்டுவிட்டு, பொங்கலுக்குப் புதுச்சேலை எடுத்துக் கொடுங்கள். இந்த வருஷம் உங்களுக்குத்தான் பொங்கல் இல்லை, அவருக்கு உண்டு. தீபாவளிக்கும் நீங்கள் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டீர்கள் என்பதால் அவர் வீட்டிலிருந்துதான் முறுக்கும் அதிரசமும் வரும். தூக்குச்சட்டியை வெறுமனே திருப்பிக் கொடுக்காதீர்கள், ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுங்கள்.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கு மட்டும் நேர்மாறு. அங்கே பணம்தான் நன்றி. எட்டு மாதம் பீ மூத்திரம் அள்ளியிருக்கிறார், அம்மா போன அன்றோடு அவருக்கு வேலையும் போய்விட்டது. உங்கள் வீட்டில் இதை யாராவது யோசித்தார்களா? குறைந்தது ஒரு மாதச் சம்பளத்தை அவர் கையில் கொடுங்கள். ஏஜென்சி வழியாக வந்தவர் என்றால் ஏஜென்சியிடம் கொடுக்காதீர்கள். கூடவே ஒரு கடிதம்: படுத்த படுக்கையாக இருந்தவரைப் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று விவரமாக எழுதி, விசாரிப்பவர்கள் கூப்பிட உங்கள் நம்பரையும் போட்டுக் கையெழுத்திடுங்கள். அடுத்த வீட்டில் சம்பளம் பேச அவருக்கு அது உதவும்.

அமரர் ஊர்தி டிரைவர் காசு வாங்காதது சரி. அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவர்களை வீடு கொண்டுவந்து சேர்க்க 155377க்குப் போன் செய்தால் வருகிற வண்டி அது, கட்டணம் கிடையாது. சட்டைப் பையில் திணித்தால்தான் நன்றி என்று நினைத்து அவரைப் பழக்கிவிட்டால், அடுத்து அந்த வண்டியில் வருகிற ஏழைக் குடும்பத்துக்குத் தொல்லை. அவர் பெயரையும் தேதியையும் போட்டு மேலிடத்துக்கு ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்புங்கள். புகார்க் கடிதம் மட்டுமே பார்த்துச் சலித்துப்போன மேஜைகள் அவை.

தோழிக்கு டீசலுக்கும் டோலுக்கும் கணக்குப் போட்டு அனுப்பாதீர்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் என்று தூங்காமல் ஓட்டிவந்தவர், நீங்கள் வழியெல்லாம் அழுததைப் பார்த்தவர். அவர் வீட்டில் ஒன்று என்றால் நீங்கள் எத்தனை மணிக்குப் போய் நிற்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் நன்றி இருக்கிறது. இப்போதைக்கு, அந்த ராத்திரியைப் பற்றி அவரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். அவருக்கும் அது பாரமாகத்தான் இருக்கும்.

ஆபீஸ் ஆட்களுக்கு மெசேஜ் போதும். ஆனால் ‘அனைவருக்கும்’ வேண்டாம். இப்படி எழுதலாம்: ‘அம்மாவின் காரியத்துக்குத் திருமங்கலம் வரை வந்தீர்கள். நான் இல்லாத நாட்களில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தீர்கள். எனக்கு ஒரு போன்கூட வராமல் பார்த்துக்கொண்டதை மறக்க மாட்டேன்.’ அவரவர் செய்ததைக் குறிப்பிட்டுத் தனித்தனியாக அனுப்புங்கள்.

கேள்வி: அம்மா யாழ்ப்பாணத்தில காலமாயிட்டா. இன்னும் ரெண்டு கிழமையில அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் காரியம். அம்மான்ர நினைவுப் புத்தகம், கல்வெட்டு, அடிக்கிறம். கடைசிப் பக்கத்தில நன்றி நவிலல் எழுதிற பொறுப்பு என்ர தலையில. அப்பாவுக்கு அடிச்சபோது ஒரு மாமான்ர பெயர் விடுபட்டு, அவர் இன்னும் எங்களோட கதைக்கிறேல்ல. எப்படி எழுதினால் பிரச்சினை வராது?
– ஒரு வாசகர், டொரண்டோ.

பதில்: தம்பி, மேலே இருக்கிற பதிலில் கார்டு வேண்டாம் என்று சொன்னதை உங்களுக்கும் எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். உங்கள் ஊரில் கல்வெட்டைக் கிழிக்க மாட்டார்கள். தேவாரமும், அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பும், வம்சாவளியும் இருக்கிற புத்தகம். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைப்பார்கள், பேரப்பிள்ளைகள் தேடிப் படிப்பார்கள். அதனால்தான் மாமாவுக்கு அவ்வளவு கோபம்.

‘நேரில் வந்தும், தொலைபேசி மூலமும் அனுதாபம் தெரிவித்தோருக்கும், மலர்வளையம் சாத்தியோருக்கும், துண்டுப்பிரசுரம் வெளியிட்டோருக்கும்...’ என்று போகும் வழக்கமான பத்தியை அப்படியே விடுங்கள். பலபேர் அதைக் கேலி செய்வார்கள், எனக்குப் பிடிக்கும். யாரையும் உயர்த்தாமல், யாரையும் விடாமல் ஓடுகிற வாக்கியம் அது. உறவுக்காரர் பெயர் ஒன்றையும் அதில் சேர்க்காதீர்கள். ஒன்றைச் சேர்த்தால் நூறைச் சேர்க்க வேண்டிவரும்.

பெயர் போடத்தான் வேண்டும் என்றால் வேலை செய்தவர்கள் பெயரைப் போடுங்கள், அவர்களிடம் கேட்டுவிட்டு. நான் பார்த்த கல்வெட்டுகளில் டாக்டர் பெயர் இருக்கிறது, கிரியை செய்த ஐயர் பெயர் இருக்கிறது. பறை அடித்தவர்கள், சுடலையில் விறகு அடுக்கியவர்கள், செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்றியவர்கள் எல்லோரும் ‘மற்றும் பல வழிகளிலும் உதவிய’ என்ற வாலில் தொங்குகிறார்கள். எனக்கு அது எப்போதும் உறுத்தும்.

மாமா விஷயம் சுலபம். அச்சுக்குப் போகுமுன் அவரைக் கூப்பிட்டுக் கடைசிப் பக்கத்தை வாசித்துக் காட்டி, பிழை பார்த்துத் தரச் சொல்லுங்கள். பிழை கண்டுபிடிப்பார். திருத்திவிடுங்கள்.

கேள்வி: சொத்துத் தகராறில் பல வருஷமாகப் பேசாத சித்தப்பா, அம்மா கேதத்துக்கு வந்து தலைமாட்டில் நின்று அழுதார். அவருக்கு நன்றி சொல்லப் போகலாமா? கேஸ் இன்னும் நடக்கிறது.
– வாசகர், தேனி.

பதில்: போங்கள். பதினாறு முடிந்தபிறகு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. கூட்டமாகப் போகாமல் உங்கள் மனைவியை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். திண்ணையில் உட்காரச் சொன்னால் திண்ணை, உள்ளே கூப்பிட்டால் உள்ளே. தன் அண்ணியை, அதாவது உங்கள் அம்மாவைப் பற்றி அவரே பேச்செடுப்பார், கேட்டுக்கொண்டிருங்கள். கேஸ் பேச்சை அவர் எடுத்தாலும், “அதை வக்கீல் பாத்துக்கட்டும் சித்தப்பா” என்று எழுந்துவிடுங்கள்.