நேரமே இல்லை, வேதம் எப்போது வாசிப்பது?

கேள்வி: ஒவ்வொரு ஜனவரியிலும் வேதத்தின் (பைபிளின்) முதல் புத்தகமான ஆதியாகமத்தில் தொடங்குகிறேன், மூன்றாவது புத்தகமான லேவியராகமம் வந்ததும் நின்றுபோகிறது. வேலை, பிள்ளைகள், வீடு என்று நாள் ஓடிவிடுகிறது. ஜெபம் மட்டும் செய்தால் போதாதா? – ஒரு வாசகி

பதில்: போதாது, சகோதரி. ஜெபத்தில் நாம் பேசுகிறோம், தேவன் பேசுவதைக் கேட்க வேண்டாமா?

நீங்கள் நின்றுபோவதற்குச் சோம்பல் காரணம் என்று நான் நினைக்கவில்லை. வேதத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள், அதை ஒரே வருடத்தில் முடிக்க தினமும் மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும், நான்கு நாள் தவறினாலே பதின்மூன்று அதிகாரம் பாக்கி நிற்கும், அந்தப் பாக்கியைப் பார்த்துத்தான் பலரும் வேதத்தை மூடிவிடுகிறார்கள். பாக்கியை விட்டுவிடுங்கள். இன்றைய பகுதியை மட்டும் வாசியுங்கள்.

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கலாம், 16 அதிகாரம்தான். ஒன்றை வாசித்ததும் இதில் தேவன் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார், நான் இன்று எதை மாற்ற வேண்டும் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். லேவியராகமத்தை அப்புறம் புதிய ஏற்பாட்டிலுள்ள எபிரெயர் நிருபத்தோடு (கடிதத்தோடு) சேர்த்து வாசித்தால் லேவியராகமம் சொல்லும் பலிகளெல்லாம் எதற்கு என்று புரியும், எனக்கு அப்படித்தான் புரிந்தது.

பெரோயா பட்டணத்தார் அப்போஸ்தலனாகிய பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள் (அப்போஸ்தலர் 17:11). அந்தத் ‘தினந்தோறும்’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள்!

நேரம்? காலையில் போனைத் தொடுவதற்கு முன் பதினைந்து நிமிடம். அது முடியாவிட்டால் பிள்ளைகள் தூங்கிய பிறகு. ஒரு நாள் தவறினால் குற்ற உணர்வோடு உட்கார வேண்டாம், மறுநாள் வேதத்தைத் திறவுங்கள்.