மாதவாரிப் பட்டியல் கேட்ட வாசகிக்கு

வணக்கம் அக்கா,

பெரம்பூரில் இருக்கிறேன். போனைத் திறந்தாலே பருவத்துக்கு ஏற்ற உணவு என்று ஒரு அட்டவணை வந்து நிற்கிறது, அதில் பாதிப் பொருளை நான் கண்ணால் பார்த்ததில்லை. மாமியாரிடம் வேறு கணக்கு: இது சூடு, அது குளிர்ச்சி, வெயிலில் கருவாடு ஆகாது, மழையில் மோர் ஆகாது. கீழே சூப்பர் மார்க்கெட்டிலோ வருஷம் முழுக்க எல்லாம் கிடைக்கிறது. பருவம் பார்த்துச் சமைப்பதெல்லாம் இன்னும் நடக்கிற காரியமா? நடக்கும் என்றால் மாதவாரியாக ஒரு பட்டியல் தர முடியுமா?

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பட்டியல் போட மாட்டேன். சோம்பேறித்தனமும் கொஞ்சம் உண்டு, ஆனால் முக்கியக் காரணம், வடசென்னை வீடுகளில் யாரும் பட்டியல் பார்த்துச் சமைத்ததில்லை. எது மலிவாக வந்து குவிகிறதோ அதை வாங்கித் தின்றார்கள், மிஞ்சியதைக் காயவைத்தும் உப்பில் போட்டும், அது வராத மாதத்துக்கு வைத்துக்கொண்டார்கள். பருவச் சமையலில் பாதி இந்த வைத்துக்கொள்வதுதான், உங்கள் போன் அட்டவணையில் அது மட்டும் இருக்காது.

முருங்கைக்காயையே பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் மழையிலும் பனியிலும் பூ உதிர்ந்துவிடும், காய் பிடிக்காது. கிலோ 300 ரூபாயைத் தாண்டிய வருஷங்கள் உண்டு. அப்போதும் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும், நார் நாராக, எங்கிருந்தோ வந்தது. பங்குனியில் அதே காயைக் கட்டுக் கட்டாக வண்டியில் போட்டுக் கூவி விற்கிறார்கள். எல்லாம் எப்போதும் கிடைக்கிறது என்கிறீர்கள், சரி, என்ன விலைக்கு, என்ன ருசியில்?

மீனுக்கு வேண்டுமானால் அரசே ஒரு அட்டவணை போட்டிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017இலிருந்து 61 நாள். கிட்டத்தட்ட சித்திரையும் வைகாசியும் முழுசாக அதில் போய்விடும். காசிமேட்டில் பெரிய படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், ஃபைபர் படகுகள் மட்டும் கரையோரம் போய் நெத்திலி, காரப்பொடி மாதிரி சின்ன மீன் கொண்டுவரும். வஞ்சிரம் கேட்டால் கேரளாப் பக்கத்து ஐஸ் மீனைக் காட்டுவார்கள், ஏனென்றால் மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும். அந்த நேரத்தில் மாங்காயும் மலிவு. நெத்திலியில் மாங்காய் போட்ட குழம்பு எங்கள் பக்கம் இவ்வளவு பெயர் பெற்றதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டாம். புரட்டாசி நேர் எதிர். பாதி ஊர் சைவமாகிவிடும், மீன் விலை இறங்கும், ராயபுரத்துக் கிறிஸ்தவ வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் அந்த மாதம்தான் பெரிய மீன் பொரியும்.

மாமியாரின் சூடு, குளிர்ச்சிக் கணக்கில் தலையிட எனக்குத் தைரியம் இல்லை. ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன்: நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, கிர்ணி, தர்பூசணி என்று அவர் குளிர்ச்சி என்று சொல்வதெல்லாம் வெயில் காலத்தில் தானாகவே தெருவுக்கு வந்துவிடுகிறவை. ஆனால் கருவாட்டில் அவரோடு ஒத்துப்போக மாட்டேன். ஆடியில் அம்மன் கோயில்களில் ஊற்றும் கேழ்வரகுக் கூழுக்குக் கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும்தான் ஜோடி, சென்னையில் ஆடி ஒன்றும் குளிர்காலம் இல்லையே.

இப்போது பங்குனி. பச்சை மொச்சை போய்விட்டது, அதை இராத்திரி ஊறவைத்து, காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிதுக்கினால் தோல் கையிலும் பருப்பு சுவரிலும் போய் விழும் அந்த வேலைக்கு நீங்கள் தை வரை காத்திருக்கத்தான் வேண்டும். மாவடு வந்திருக்கிறது. அதைவிட முக்கியம், வெயில் வந்திருக்கிறது. பட்டியலுக்குப் பதிலாக ஒரு வேலை தருகிறேன், தாளிப்பு வடகம் போடுங்கள்.

சின்ன வெங்காயத்தை உரித்து ஒன்றிரண்டாகத் தட்டி, பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு சேர்த்துப் பிசைந்து ஒரு இராத்திரி மூடி வையுங்கள். காலையில் தண்ணீர் விட்டிருக்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள், ருசியெல்லாம் அதில்தான் இருக்கிறது. பிழிந்து உருண்டை பிடித்து மாடியில் காயவைத்து, சாயங்காலம் உருண்டைகளை அதே தண்ணீரில் உதிர்த்துப் போட்டுப் பிசைந்து, மறுநாள் திரும்பவும் உருண்டை, திரும்பவும் வெயில். தண்ணீர் முழுக்க உறிஞ்சியபிறகு கையில் விளக்கெண்ணெய் தொட்டுக் கடைசி உருட்டு உருட்டி, உள்ளே ஈரம் போகும்வரை காயவிடுங்கள். தெருவே மணக்கும், அபார்ட்மெண்ட் சங்கத்தில் யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழையில் வெங்காய விலை ஏறும்போது இதில் ஒரு துண்டைக் கிள்ளி எண்ணெயில் போட்டால் கீரைக் கடைசலுக்கும் மீன் குழம்புக்கும் வேறு தாளிப்பு வேண்டாம். பூண்டு அளவை நான் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அது வீட்டுக்கு வீடு மாறும். உங்கள் மாமியாரிடம் கேளுங்கள், அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.