மானம் அமைச்சருக்கு, செலவு கஜானாவுக்கா?

கேள்வி: மேடையில் வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள். அமைச்சர் அவதூறு வழக்குப் போட்டால் மட்டும் 'கருத்துரிமை போச்சு' என்று கூப்பாடு போடுகிறார்கள். அமைச்சருக்கு மானம் இருக்கக் கூடாதா?

பதில்: பேஷாக இருக்கட்டும். வழக்கும் போடட்டும், சொந்தக் காசில்.

உங்களை ஒருவர் அவதூறு பேசினால் என்ன செய்வீர்கள்? நீங்களே வக்கீல் வைத்து, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப்புகார் கொடுத்து, பிரமாண வாக்குமூலம் சொல்லி, வாய்தா வாய்தாவாக அலைய வேண்டும். அமைச்சரின் அரசுப் பணியைப் பற்றிய பேச்சு என்றால் அவருக்கு இந்த அலைச்சல் கிடையாது. அரசு அனுமதி கொடுக்கும். அரசு வக்கீல் நேராக செஷன்ஸ் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்வார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 199(2). இப்போதைய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 222. எண் மாறியது, சலுகை மாறவில்லை. அரசு வக்கீலுக்குப் போகும் பணத்தில், கூண்டில் நிற்பவர் கட்டிய வரியும் சேர்த்தி!

1994-இல் நக்கீரன் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: அரசு நஷ்டஈடு கேட்டு அவதூறு வழக்குப் போட முடியாது. அதிகாரியின் பணியைப் பற்றி எழுதியது தப்பாகவே இருந்தாலும், உண்மையா பொய்யா என்று கவலையே படாமல் எழுதினார்கள் என்று அவர் நிரூபித்தால்தான் நஷ்டஈடு. சிவில் பக்கம் இவ்வளவு கெடுபிடி. கிரிமினல் பக்கமோ, இரண்டு வருட ஜெயிலோடு, அப்படியே இருக்கிறது. 2016-இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் அது செல்லும் என்று தீர்ப்பும் வந்துவிட்டது. நற்பெயர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றார்கள். அதில் எனக்குச் சண்டையில்லை. அதைக் காப்பாற்ற ஜெயில் எதற்கு என்பதுதான் கேள்வி. இலங்கை 2002-லேயே கிரிமினல் அவதூறைத் தூக்கிவிட்டது.

'கையாலாகாத அமைச்சர்' என்பது அபிப்பிராயம். அதற்கு வழக்கே கூடாது. 'இன்ன டெண்டரில் இவ்வளவு கமிஷன் வாங்கினார்' என்று தெரிந்தே புளுகினால் கதை வேறு. புளுகியவர் பணம் கட்டத்தான் வேண்டும். அதற்கு சிவில் கோர்ட் இருக்கிறது. என்ன, அங்கே போனால் கோர்ட் ஃபீஸை அமைச்சரே கட்ட வேண்டும். கூண்டேறி, அந்த டெண்டரைப் பற்றியே குறுக்கு விசாரணைக்கும் பதில் சொல்ல வேண்டும். பலர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காததற்குக் காரணம் அதுதான் என்பது என் சந்தேகம்.