டியூப் வழியாகக் கஞ்சி கூடுதலாக ஊற்றலாமா?

தண்டையார்பேட்டை நண்பருக்கு, பக்கவாதம் வந்த அப்பா பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, இப்போது மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப் போட்டும் டாக்டர் கொஞ்சமாகத்தான் கொடுக்கச் சொல்கிறார், வீட்டுக் கஞ்சியைக் கூடுதலாக ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென மாவுச்சத்து போனால் இன்சுலின் ஏறும். ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் இழுக்கப்பட்டுச் சட்டென்று குறையும். இதயமே தடுமாறலாம். இரண்டாம் உலகப்போரில் பட்டினி கிடந்து மீண்ட கைதிகளிடம் கண்ட ஆபத்து இது. அதனால்தான் மெதுவாக ஏற்றுகிறார்கள். அந்த மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா, தயமின் (வைட்டமின் பி1) கொடுத்தார்களா என்று மட்டும் கேளுங்கள்.

அப்புறம் புரதம். வெறும் அரிசிக் கஞ்சியில் அது மிகக் குறைவு, படுத்த உடம்பிலோ தசை வேகமாகக் கரையும். எவ்வளவு என்பதை எடையும் சிறுநீரகமும் பார்த்து டயட்டீஷியன் சொல்லட்டும். உணவு கொடுக்கும்போது தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும்.

என் அம்மாவை ராயபுரத்தில் சேர்த்தபோது எடைகூடப் பார்க்கவில்லை. சேர்க்கும் அன்றே ஊட்டச்சத்து நிலையைக் கணிப்பது இனி எல்லா வார்டிலும் வழக்கமாக வேண்டும். அப்பாவின் எடையை நாளைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.