அப்பாவின் மங்கலான படத்தை அழிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 54, யாங்கோனில் வசிக்கிறேன். கைபேசியில் 18,000 படங்கள் சேர்ந்துவிட்டன. இடமில்லை என்ற எச்சரிக்கை நாள் தவறாமல் வருகிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், “பாதியை அழித்துவிடுங்கள் அம்மா, யார் பார்க்கப் போகிறார்கள்?” என்கிறான். அழிக்க உட்கார்ந்தால், இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமான என் அப்பாவின் படங்கள் வந்துவிடுகின்றன, அதோடு நிறுத்திவிடுகிறேன். கடையில் அவர் தேநீர் ஆற்றும் படம் ஒன்று மங்கலாக விழுந்திருக்கிறது. அதைக்கூட அழிக்க மனம் வரவில்லை. எதை வைப்பது, எதை விடுவது?
- ஒரு வாசகி, யாங்கோன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அப்பாவின் படங்களை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். அவற்றை ஒரு தனி ஆல்பத்தில் சேர்த்து ஒதுக்கிவிடுங்கள். துக்கம் ஆறாத மனத்தோடு அவற்றின் முன் உட்கார்ந்து எதை அழிப்பது என்று முடிவெடுப்பது யாராலும் ஆகாத காரியம். அதற்கு அவசியமும் இல்லை, ஏனென்றால் உங்கள் கைபேசியை நிரப்பியிருப்பவை அவை அல்ல.

கைபேசியில் எடுக்கும் ஒரு படம் பெரும்பாலும் 2 முதல் 4 எம்.பி. அளவில் இருக்கும். ஒரு நிமிட வீடியோவோ 60 முதல் 130 எம்.பி. வரை பிடிக்கும். திருவிழாவில் தெரியாமல் பதிவாகிக்கொண்டே இருந்த ஐந்து நிமிட வீடியோ ஒன்றை நீக்கினால் நூறு படங்களுக்கான இடம் கிடைத்துவிடும். எனவே முதல் நாள் வீடியோக்களை மட்டும், பெரியதிலிருந்து சிறியது என்ற வரிசையில் பாருங்கள். அடுத்த நாள் வைபர் என்ற செய்திச் செயலியின் குழுக்களில் வந்து குவிந்த காலை வணக்கங்களையும், பண்டிகை வாழ்த்துகளையும், மருந்துக் கடைக்கு அனுப்புவதற்காக எடுத்த மாத்திரை அட்டைப் படங்களையும், பணம் அனுப்பிய ரசீதுகளின் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் நீக்குங்கள். கணக்குத் தீராத ரசீது மட்டும் இருக்கட்டும். வருகிற படங்கள் தாமாகவே கேலரியில் சேராதபடி வைபரின் அமைப்புகளில் மாற்றிவிட்டால், இந்தக் குப்பை மறுபடியும் சேராது.

இவற்றுக்குப் பிறகு மிஞ்சுபவைதான் உண்மையில் யோசிக்க வேண்டியவை. பீலிக்கான் கோயில் தீமிதியில் ஒரே இடத்தில் நின்று எடுத்த 40 படங்கள் இருந்தால், முகம் தெளிவாக விழுந்த ஒன்றையும், சுற்றி யார் யார் நின்றார்கள் என்று காட்டுகிற ஒன்றையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம். ஆனால் அழகாக இருப்பதை வைப்பது, அழகில்லாததை அழிப்பது என்ற கணக்கில் மட்டும் போகாதீர்கள். எல்லோரும் பட்டு உடுத்தி வரிசையாக நிற்கும் படம் எந்த ஆண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும்; சமையலறையில் மாவாட்டும் படத்திலோ பின்சுவரில் தொங்கும் நாள்காட்டியும், அலமாரியில் இருக்கும் டப்பாக்களும், அன்றைய வீடும் இருக்கின்றன. மறுபடி எடுக்க முடியுமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். சூரிய அஸ்தமனத்தை நாளையும் எடுக்கலாம். இடித்துக் கட்டிவிட்ட வீட்டின் வாசலை எடுக்க முடியாது.

என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். 1964இல் பர்மாவில் கடைகள் நாட்டுடைமையானதும், இங்கிருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, என் பெரியம்மாவும் போனார். அவர் விட்டுச்சென்ற பிஸ்கட் டின் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதில் 11 படங்கள். ஏழில் இருப்பவர்கள் யார் என்று சொல்ல இன்று ஒருவருமில்லை. ஒரே ஒரு படத்தின் பின்பக்கம் மட்டும் பென்சிலால் ஒரு பெயரும், அதன் கீழே ‘தட்டோன், 1957’ என்றும் சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறது. மூலை மடங்கி, நடுவில் பழுப்பேறிப்போன அந்தப் படத்தைத்தான் என் பேரப்பிள்ளைகள் கையில் எடுத்துக் கேள்வி கேட்கிறார்கள். மற்ற பத்தும் அவர்களுக்கு யாரோ அந்நியர்களின் படங்கள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று மகன் கேட்டதற்கு நான் அறிந்த பதில் இதுதான்: இன்னார் என்று தெரிந்தால் பார்ப்பார்கள். ஆகவே ஒரு நாளைக்குப் பத்துப் படங்கள் என்று வைத்துக்கொண்டு, நீங்கள் வைக்கத் தீர்மானித்தவற்றின் விவரப் பகுதியில் பெயர், உறவு, இடம், ஆண்டு ஆகியவற்றைத் தமிழிலேயே எழுதிவையுங்கள். அந்த வசதி உங்கள் கைபேசியில் இல்லையென்றால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

கூகுள் போட்டோஸில் போட்டுவைக்கும் எண்ணமிருந்தால் இரண்டு செய்திகளை மனத்தில் வையுங்கள். 2021 ஜூன் முதல் அங்கே இலவச இடம் 15 ஜி.பி. மட்டுமே; அதிலும் உங்கள் மின்னஞ்சலுக்குப் பங்கு உண்டு. மேலும், அந்தச் செயலிக்குள் போய் ஒரு படத்தை அழித்தால் கைபேசியிலிருந்தும் கூகுளிலிருந்தும் சேர்ந்தே போய்விடும். கைபேசியில் மட்டும் இடத்தைக் காலிசெய்வதற்கு அதிலேயே தனி வசதி இருக்கிறது. கூகுளில் ஏற்றிய படத்தைத் தவறி அழித்துவிட்டாலும் 60 நாள்களுக்குள் குப்பைத்தொட்டியிலிருந்து மீட்கலாம். மின்வெட்டுக்கும் இணையத்தின் வேகத்துக்கும் நடுவில் எல்லாவற்றையும் ஏற்றி முடிக்க நாளாகும் என்பதால், அப்பாவின் ஆல்பத்தை முதலில் ஏற்றுங்கள்.

ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். இன்னொன்றை மகன் அடுத்த முறை வரும்போது சிங்கப்பூருக்குக் கொடுத்தனுப்புங்கள். ஒரே வீட்டில் எத்தனை பிரதிகள் இருந்தாலும் ஒன்றுதான். 2025 மார்ச் 28 அன்று மண்டலே, சகாயிங் பகுதிகளைப் புரட்டிய நிலநடுக்கத்துக்குப் பிறகு இதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. வைபரில் அனுப்பும் படம் வழக்கமாகச் சுருங்கியே போய்ச் சேரும் என்பதால், அதை மூலத்துக்கு ஈடான பிரதியாக எண்ண வேண்டாம். அப்பாவின் குரல் பதிவுகள் எவையேனும் வைபரில் இருந்தால், கைபேசியை மாற்றுவதற்கு முன்பாகவே அவற்றையும் வெளியே சேமித்துவிடுங்கள். படங்களைக் காப்பாற்றிய பலர் குரலை இழந்திருக்கிறார்கள்.

அந்த மங்கலான படத்தை வைத்துக்கொள்ளுங்கள். தேநீர் ஆற்றுகிற கை அசைந்ததால்தான் அது மங்கியிருக்க வேண்டும். அவர் அசையாமல் நின்று காட்டிய படங்கள் உங்களிடம் வேறு இருக்கின்றன. அதன் கீழே அவர் பெயரையும், அந்தக் கடை இருந்த தெருவையும், படம் எடுத்த ஆண்டையும் இன்றைக்கே எழுதிவிடுங்கள்.